எச்சரித்த பின்னும் வெளியேறாத பொதுமக்களுக்குப் பாதுகாப்பு உண்டா?

இடுகை 1 | தொடுவானம்

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் சிலருடன் பேசிக்கொண்டிருந்தபோது பதில் சொல்லத் தெரியாமல் நான் வாயடைத்துப்போன ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். அவர்களுள் ஒருவர் சொன்னது இது: "துண்டுப்பிரசுரம் போட்டாயிற்று, தொலைபேசியில் செய்தி அனுப்பியாயிற்று, எந்தச் சாலை வழியாகப் போக வேண்டும் என்பதையும் சொல்லியாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் அதே வீட்டில் இருக்கிறார் என்றால், அவர் தெரிந்தே இருக்கிறார். அவருடைய சாவுக்குக் குண்டு போட்டவரைக் குறை சொல்ல முடியாது." அங்கிருந்த பெரும்பாலோர் தலையாட்டினார்கள். எனக்கு அது தவறு என்று பட்டது. ஆனால் ஏன் தவறு என்று எடுத்துச் சொல்ல முடியவில்லை.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? இன்றைய போர்களில் இறப்பவர்களில் 90 விழுக்காட்டினர் பொதுமக்கள் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். நிலைமை அப்படியிருக்க, எச்சரிக்கை என்ற ஒன்று இருப்பதால் யாருக்கு நன்மை என்பதையும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இடுகை 2 | வழக்காடி

தொடுவானம் அவர்களுக்கு, தங்கள் நண்பரின் வாதம் புதியதல்ல. நீதிமன்றங்களிலும் அது வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பிழை எங்கே இருக்கிறது என்பதைச் சட்டத்தின் சொற்களிலிருந்தே காட்டிவிடலாம்.

1949 ஆகஸ்ட் 12 அன்று ஏற்கப்பட்ட நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்குத் துணையாக 1977-இல் இரண்டு கூடுதல் நெறிமுறைகள் வந்தன. அவற்றுள் முதலாவதன் 57-ஆம் பிரிவு தாக்குபவர் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகளை வரிசையாகச் சொல்கிறது. இலக்கு படைத்துறை இலக்குதானா என்று இயன்றவரை சரிபார்க்க வேண்டும். பொதுமக்களுக்கு மிகக் குறைந்த தீங்கு விளைவிக்கும் ஆயுதத்தையும் முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலைமை மாறியது தெரிந்தால் தாக்குதலைக் கைவிட வேண்டும் அல்லது நிறுத்திவைக்க வேண்டும். பொதுமக்களைப் பாதிக்கக்கூடிய தாக்குதல் என்றால், சூழ்நிலை இடங்கொடுக்காத நேரம் தவிர, பயனுள்ள முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். எச்சரிக்கை என்பது இந்தக் கடமைகளுள் ஒன்று. அதை நிறைவேற்றியவுடன் ஏனையவை தீர்ந்துபோவதில்லை. அதே பிரிவின் கடைசி வரி, இதில் உள்ள எதையும் பொதுமக்கள்மீது தாக்குதல் நடத்த அனுமதியளிப்பதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தங்கள் நண்பரைப் போன்றவர்கள் வருவார்கள் என்று தெரிந்துதான் அந்த வரியை எழுதினார்களோ என்று நான் நினைப்பதுண்டு.

பொதுமக்களில் ஒருவர் தம் பாதுகாப்பை எப்போது இழக்கிறார் என்பதற்கு 51-ஆம் பிரிவில் ஒரே ஒரு விடைதான் இருக்கிறது: சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்கும் வேளையில், அந்த வேளைக்கு மட்டும். வீட்டில் இருப்பது பங்கெடுப்பதாகாது. பிடிவாதமாக இருப்பதும் ஆகாது. ஒருவர் பொதுமக்களைச் சேர்ந்தவரா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் அவரைப் பொதுமக்களாகவே கொள்ள வேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்கிறது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். இந்தியா, இலங்கை, அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் அந்த முதல் நெறிமுறையில் இன்றுவரை உறுப்பாகவில்லை. ஆனால் சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2005-இல் வெளியிட்ட வழக்காற்றுச் சட்ட ஆய்வு (நாடுகளின் தொடர்ந்த நடைமுறையால் சட்டமானவை பற்றியது) 161 விதிகளைத் தொகுத்தது. பொதுமக்களையும் போரிடுவோரையும் வேறுபடுத்துதல், விகிதாசாரம், முன்னெச்சரிக்கை ஆகியவை அவற்றுள் அடங்கும். அவை கையொப்பமிடாத நாடுகளையும் கட்டுப்படுத்துகின்றன. உள்நாட்டுப் போர்களுக்கும் இவ்வகை விதிகள் பலவற்றைப் பொருத்தலாம் என்று, முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 1995-இல் டாடிச் வழக்கில் தீர்மானித்தது.

இடுகை 3 | முன்னாள் காலாள்

வழக்காடி அவர்கள் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. பயிற்சிக் காலத்தில் எங்களுக்கும் இதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். இருந்தாலும் களத்தில் நின்றவன் என்ற முறையில் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.

எதிரில் இருப்பவன் ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்துகிறான். கீழ்த்தளத்தில் குடும்பங்கள் இருப்பது அவனுக்குத் தெரியும். அவர்கள் இருப்பதனால்தான் அந்தக் கட்டடத்தையே அவன் தேர்ந்தெடுத்தான். தெரு முனையில் என் ஆட்கள் இருவர் அடிபட்டுக் கிடக்கிறார்கள். சட்டத்தை மதிக்கும் நான் சுட முடியாது, மதிக்காத அவன் சுடலாம் என்றால், மக்களைத் திரையாகப் பிடித்துக்கொள்பவனுக்கு இந்தச் சட்டம் பரிசு கொடுப்பதாகாதா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத வரையில், கீழ்நிலைச் சிப்பாய் இந்த விதிகளைத் தலைமையகத்துக்காரர்களின் அலங்காரமாகவே பார்ப்பான். இதை நான் கசப்போடு எழுதவில்லை, உள்ளதை எழுதுகிறேன்.

இடுகை 4 | வழக்காடி

நேர்மையான கேள்வி. மாடியில் துப்பாக்கி இருக்கும் வரை அந்த இடம் படைத்துறை இலக்கு என்பதில் ஐயமில்லை. ஆகவே நீங்கள் சுடவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பொதுமக்களை மறைப்பாகப் பயன்படுத்தியவர் குற்றம் செய்திருக்கிறார் என்பதும் தெளிவு. ஆனால் 51-ஆம் பிரிவின் இறுதிப் பகுதி, ஒரு தரப்பு இந்தத் தடைகளை மீறியதால் மறுதரப்பு பொதுமக்கள் தொடர்பான தன் கடமைகளிலிருந்து விடுபடுவதில்லை என்று சொல்கிறது. கீழ்த்தளத்துக் குடும்பம் அவனோடு ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை. அவன் செய்த குற்றத்துக்கான தண்டனையை அவர்கள்மேல் இறக்க முடியாது.

எஞ்சியிருப்பது விகிதாசாரக் கேள்வி. தாக்குதலால் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்படும் திட்டவட்டமான, நேரடியான படைத்துறை அனுகூலத்தோடு ஒப்பிட, பொதுமக்களுக்கு நேரும் என்று எதிர்பார்க்கப்படும் இழப்பு மிகையாக இருந்தால் அந்தத் தாக்குதல் தடைசெய்யப்பட்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அடிப்படையாக 1998-இல் ஏற்கப்பட்ட ரோம் சாசனம் இதையே குற்றமாக்கும்போது "தெளிவாக மிகையான" என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. வழக்குத் தொடுப்பவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய சுமை என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதற்கு அளவுகோல் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. 1995 ஆகஸ்டில் குரோவேஷியப் படைகள் கிராயினா நகரங்கள்மீது நடத்திய பீரங்கித் தாக்குதல் தொடர்பான வழக்கில், இலக்கிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் விழுந்த எறிகணைகளைக் கண்மூடித்தனமான தாக்குதலுக்குச் சான்றாகக் கொண்டு, முன்பு சொன்ன யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் விசாரணை அமர்வு 2011-இல் தளபதி கோட்டோவினாவுக்கு 24 ஆண்டுச் சிறை விதித்தது. மறு ஆண்டே மேன்முறையீட்டு அமர்வு அந்த 200 மீட்டருக்கு அடிப்படை இல்லை என்று கூறி, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவரை விடுவித்தது. இதுவே சட்டத்தின் மிகத் தளர்வான இடம். அதை மறைப்பதில் பொருளில்லை.

ஆனால் நீங்கள் காட்டிய மொட்டைமாடிக் காட்சி உண்மையில் அரிதானது. மக்களைக் கொல்வது பெரும்பாலும் அதுவல்ல. செச்னியாவில் கத்தீர் யூர்ட் என்ற கிராமத்துக்குள் 2000 பிப்ரவரியில் ஆயுதக் குழுவினர் புகுந்தனர். சேத வீச்சு ஆயிரம் மீட்டரைத் தாண்டும் கனரக வான்குண்டுகளை, மக்கள் நிறைந்த அந்தக் கிராமத்தின்மேல் ரஷ்யப் படைகள் போட்டன. பாதுகாப்பான வெளியேறு பாதை என்று நம்பிப் புறப்பட்டவர்களின் வாகனங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. 2005-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கவனிக்கத்தக்கது. ஆயுதக் குழுவை ஒடுக்கும் நோக்கம் நியாயமானது என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆயினும் பொதுமக்களின் உயிருக்கு உரிய அக்கறையுடன் அந்த நடவடிக்கை திட்டமிடப்படவில்லை என்று கூறி, வாழும் உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. போர்க் காலத்திலும் மனித உரிமைச் சட்டம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஆராயப்பட்டது துப்பாக்கியின் விசையை அழுத்திய கணம் அன்று. எந்தக் குண்டை ஏற்றுவது என்று யாரோ மேசையில் உட்கார்ந்து முடிவுசெய்த கணம்.

இடுகை 5 | ஏடறிவோன்

சிறு திருத்தம். தொடுவானம் குறிப்பிட்ட 90 விழுக்காடு என்ற எண்ணைத் தயவுசெய்து இனிப் பயன்படுத்த வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 10 ஆக இருந்த பொதுமக்களின் பங்கு அதன் இறுதியில் 90 ஆகிவிட்டது என்ற கூற்று, அறிக்கையிலிருந்து அறிக்கைக்குத் தாவித் தாவி உண்மைபோல் ஆகிவிட்ட ஒன்று. அதன் மூலத்தைத் தேடிப் போனவர்கள் உருப்படியான கணக்கு எதையும் காணவில்லை. சில இடங்களில் இடம்பெயர்ந்தவர்களையும் இறந்தவர்களோடு சேர்த்து எண்ணியிருந்தார்கள். போருக்குப் போர் விகிதம் பெரிதும் மாறுபடுகிறது.

போஸ்னியாவைப் பாருங்கள். அங்கு நடந்த போரில் இறந்தவர்கள் இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. சரயேவோவில் இருந்த ஓர் ஆவண மையம் ஒவ்வொரு பெயராகத் திரட்டி முடித்தபோது, கிடைத்தது ஏறத்தாழ 96,000 பெயர்கள். அவர்களுள் சுமார் 40 விழுக்காட்டினர் பொதுமக்கள். எண்ணிக்கை குறைந்ததற்காகச் சிலர் அந்த மையத்தைத் திட்டினார்கள். ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியலை மறுப்பது, பழைய இரண்டரை லட்சத்தை மறுப்பதுபோல் எளிதாக இருக்கவில்லை.

90-க்கு அருகில் வரும் வேறோர் எண் உண்டு. குழப்பம் அங்கிருந்தும் வரலாம். மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் வெடிக்கும் ஆயுதங்கள் பயன்படுத்தப்படும்போது, கொல்லப்படுவோரும் காயமடைவோருமாகச் சேர்த்துப் பத்தில் ஒன்பது பேர் பொதுமக்கள் என்று கண்காணிப்பாளர்களின் பதிவுகள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. அந்தக் கவலையின் விளைவாகத்தான், நகரங்களில் இவ்வகை ஆயுதங்களின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அரசியல் பிரகடனம் ஒன்று 2022 நவம்பரில் டப்ளினில் ஏற்கப்பட்டது. அது உடன்படிக்கை அன்று. எவரையும் சட்டப்படி கட்டாயப்படுத்தாது.

இடுகை 6 | பதுங்குகுழி

நான் இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டு எழுதாமல் இருந்தேன். சட்டம் பற்றி எனக்குக் கூற எதுவும் இல்லை. ஆனால் எச்சரிக்கைக்குப் பிறகும் ஏன் மக்கள் வெளியேறுவதில்லை என்ற ஒன்றைப் பற்றி, அந்த நிலையில் மாதக்கணக்கில் இருந்தவள் என்ற வகையில் எழுதலாம் என்று நினைக்கிறேன். எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்க வேண்டாம். இந்தப் பதிலுக்கு அது தேவையில்லை.

வெளியே இருந்து பார்ப்பவர்கள், மக்கள் ஒரு முடிவு எடுக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். எங்களுடைய பதுங்குகுழியில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு நடக்க நால்வர் வேண்டும், எங்களிடம் இருந்தது ஒரு மிதிவண்டியும் இரண்டு சிறுவர்களும். துண்டுப்பிரசுரம் குறிப்பிட்ட சாலையில்தான் முதல்நாள் எறிகணை விழுந்து மக்கள் செத்திருந்தார்கள். அதை அறிவித்தவர்களும் எறிகணை அடித்தவர்களும் ஒரே தரப்பு என்பதால், நாங்கள் அந்தத் தாளை நம்பவில்லை. மறுபுறம் எங்களோடு இருந்த ஆயுததாரிகள், போக முயன்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள், சிலவேளை சுட்டார்கள். போய்ச் சேர்ந்தாலும் அங்கே இளைஞர்களைத் தனியே பிரித்து எடுப்பார்கள் என்ற கதை ஏற்கனவே வந்துவிட்டது. பதினேழு வயது மகன் உள்ள தாய் எந்தப் பக்கம் நடப்பாள்?

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் எழுதுவதில்லை. முதல் எச்சரிக்கைக்கு நாங்கள் போனோம். இரண்டாவதற்கும் போனோம். மூன்றாவது முறை அறிவித்தபோது எங்களிடம் மிச்சமிருந்தது ஒரு பானையும் இரண்டு துணிமூட்டைகளும்தான். ஒவ்வொரு முறையும் முன்பு போட்ட குழியை விட்டுவிட்டுப் புது மண்ணில் புதுக் குழி வெட்ட வேண்டும். குழி வெட்டி முடிப்பதற்குள் செத்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே இருக்கிற குழியில் இருந்துவிடலாம் என்று நினைப்பது பிடிவாதம் அன்று. அது கணக்கு. எங்கள் கணக்கு சிலவேளை சரியாக வந்தது, சிலவேளை பிழைத்தது.

இடுகை 7 | முன்னாள் காலாள்

பதுங்குகுழி அவர்களே, எழுதியமைக்கு நன்றி. இதற்குமேல் நான் வேறு எதையும் சொல்லப்போவதில்லை.

இடுகை 8 | மருந்துப்பெட்டி

எச்சரிக்கைக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது: பொதுமக்கள் தரப்பிலிருந்து தாக்குபவருக்குக் கொடுக்கப்படும் அறிவிப்பு. உதவி அமைப்பொன்றில் மருத்துவப் பணியில் இருந்தபோது, எங்கள் மருத்துவமனையின் ஆள்கூறுகளை எல்லாத் தரப்புக்கும் எழுதி அனுப்புவதும், கூரையில் பெரிதாகச் சின்னம் வரைவதும் என் பொறுப்பில் இருந்தன. ஒரு முறை நாங்கள் அனுப்பிய தாளில் ஓர் இலக்கம் மாறிப்போனதை நான்கு நாட்கள் கழித்துத்தான் கண்டேன். திருத்தி அனுப்பினோம், பழைய தாள் யார் மேசையில் இருந்தது, புதியது யாரை அடைந்தது என்பதை எங்களால் அறிந்துகொள்ள முடியவில்லை. எதுவும் நடக்கவில்லை என்பது எங்கள் நல்வாய்ப்பு.

ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் அந்த நல்வாய்ப்பு இருக்கவில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் மருத்துவமனையின் ஆள்கூறுகளை முன்கூட்டியே கொடுத்திருந்தது. இருந்தும் 2015 அக்டோபர் 3 அதிகாலையில் அமெரிக்கத் தாக்குதல் விமானம் ஒன்று அந்தக் கட்டடத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்கியது. தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதே அமைப்பினர் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். 42 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் ஊழியர்கள். விமானக் குழுவினர் வேறொரு கட்டடம் என்று தவறாக எண்ணியதாகவும், வேண்டுமென்றே நிகழ்ந்ததல்ல என்பதால் அது போர்க்குற்றம் ஆகாது என்றும் அமெரிக்க இராணுவ விசாரணை முடிவுகட்டியது. 16 பேர் மீது நிர்வாக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. எவர்மீதும் குற்ற வழக்கு இல்லை.

நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின்படி, ஒரு மருத்துவமனை எதிரிக்குத் தீங்கு செய்யும் செயல்களுக்குப் பயன்படுத்தப்பட்டாலும்கூட, முறையாக எச்சரித்து, தக்க கால அவகாசம் கொடுத்து, அதற்கும் பயன் இல்லாத பிறகே அதன் பாதுகாப்பு நீங்கும். அதாவது இங்கே எச்சரிக்கை என்பது தாக்குதலுக்கான முன்னுரை அன்று. தவறான பயன்பாட்டை நிறுத்துவதற்கான வாய்ப்பு. 2016 மே மாதத்தில் ஐ.நா. பாதுகாப்புச் சபை மருத்துவப் பணிகளின் பாதுகாப்பை வலியுறுத்தி 2286 என்ற தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் பணியாற்றியவள் என்ற முறையில், தீர்மானத்தின் நகலை வாயிலில் ஒட்டிவைத்த ஒரு மருத்துவமனையை நான் பார்த்திருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மணல்மூட்டைகளை அதைவிட அதிகம் நம்பினார்கள்.

இடுகை 9 | ஐயப்பாடு

இத்தனை பிரிவுகளையும் தீர்மானங்களையும் படித்த பிறகு ஒன்றே தோன்றுகிறது. வலிமையுள்ளவன் நினைத்ததைச் செய்கிறான். தோற்றவன் மட்டும் கூண்டில் நிற்கிறான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இடுகை 10 | முன்னாள் காலாள்

மேலே வேறு எதையும் சொல்லப்போவதில்லை என்று எழுதியிருந்தேன். ஐயப்பாடு அவர்களின் கேள்வி என்னைத் திரும்ப இழுத்துவிட்டது. நீதிமன்றத்தைப் பற்றி வழக்காடி பதில் சொல்லட்டும். படைக்குள் என்ன நடக்கலாம் என்பதை நான் சொல்கிறேன்.

ஆப்கானிஸ்தானில் பன்னாட்டுப் படை 2008-இல் பொதுமக்களின் இழப்பைக் கணக்கிட ஒரு தனிப் பிரிவை வைத்தது. 2009 ஜூலையில் அதன் தளபதி மெக்கிரிஸ்டல், மக்கள் இருக்கும் வீடுகள்மீது வான்தாக்குதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி ஆணையிட்டார். ஐ.நா. உதவிக் குழுவின் பதிவின்படி, அரசு ஆதரவுப் படைகளால் நேர்ந்த பொதுமக்கள் சாவு 2008-இல் 828 ஆக இருந்து 2009-இல் 596 ஆகக் குறைந்தது. அதே ஆண்டில் மறுதரப்பால் நேர்ந்த சாவுகள் கூடின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தங்கள் கைகள் கட்டப்பட்டுவிட்டன என்று அந்தப் படையின் சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். நான் அங்கே இருந்திருந்தால் நானும் முணுமுணுத்திருப்பேன். ஆனாலும் ஓர் ஆணை சாவைக் குறைக்கும் என்பதற்கு அது சான்று. அந்த ஆணைக்கு எந்த நீதிமன்றமும் காரணமல்ல; ஒவ்வொரு வீடு இடிந்தபோதும் போர் தோற்றுக்கொண்டிருந்தது என்பதைக் கண்டுகொண்ட தளபதிதான் காரணம்.

அதே நாட்டில் 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஆளில்லா விமானத் தாக்குதலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த குழந்தைகள் எழுவர் உட்படப் பத்துப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முதலில் சரியான தாக்குதல் என்றார்கள்; மூன்று வாரத்துக்குள் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். செய்தியாளர்கள் அந்த வீட்டுக்குப் போயிராவிட்டால் ஒப்புக்கொண்டிருப்பார்களா என்று என்னைக் கேட்டால், மாட்டார்கள் என்பேன்.

இடுகை 11 | வழக்காடி

ஐயப்பாடு அவர்களின் கூற்றில் பாதி உண்மை. சரயேவோ முற்றுகையில் துப்பாக்கியாலும் எறிகணையாலும் மக்களிடையே பீதியைப் பரப்பிய குற்றத்துக்காக, முற்றுகையிட்ட போஸ்னிய செர்பியப் படையின் தளபதி காலிச்சுக்கு 2003-இல் 20 ஆண்டும், மேன்முறையீட்டில் 2006-இல் ஆயுள் தண்டனையும் கிடைத்தன. அவர் தோற்றவர் தரப்பு என்பது சரி. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2023-இல் ரஷ்ய அதிபருக்கும் 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமருக்கும் பிடியாணை பிறப்பித்தது. இவர்கள் தோற்றவர்கள் அல்லர், கைதாகவும் இல்லை. வலிமையுள்ளவர்கள்மீது சட்டம் பாய்வதில்லை என்று முன்பு சொன்னோம். இப்போது பாய்கிறது, பிடிக்க முடியவில்லை என்கிறோம். இது முன்னேற்றமா என்று கேட்டால் எனக்கே உறுதியான பதில் இல்லை.

பதுங்குகுழி அவர்கள் எழுதியதை ஒட்டி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். "பாதுகாப்பு வலயம்" என்ற சொல் எச்சரிக்கையைவிட ஆபத்தானது. நான்காவது உடன்படிக்கையின் 14, 15 பிரிவுகளும் முதல் நெறிமுறையின் 60-ஆம் பிரிவும் கூறும் வலயங்களுக்கு இரு தரப்பின் உடன்பாடு அடிப்படை. அங்கே ஆயுதம் தாங்கியோர் இருக்கவும் கூடாது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா நகரை 1993 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை "பாதுகாப்பான பகுதி" என்று அறிவித்தது. ஆயுதக் களைவு முழுமையாக நடக்கவில்லை. காவலுக்கு இருந்தது சில நூறு டச்சு வீரர்கள். 1995 ஜூலையில் அங்கே 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். வன்னியில் 2009 ஜனவரி முதல் மே வரை இலங்கை அரசு ஒருதலையாக அறிவித்த மூன்று "தாக்குதலற்ற வலயங்கள்" பற்றி ஐ.நா. பொதுச் செயலரின் வல்லுநர் குழு 2011-இல் அறிக்கை அளித்தது. மக்களைக் கூடச் சொன்ன வலயங்களுக்குள்ளேயே அரசு பெருமளவில் எறிகணை வீசியதாகவும், மருத்துவமனைகள் தாக்கப்பட்டதாகவும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்துத் தப்ப முயன்றவர்களைச் சுட்டதாகவும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாக அந்தக் குழு கண்டது. ஓரிடத்தை வலயம் என்று பெயரிடும்போது அதற்கு வெளியே இருப்பவர்கள் பாதுகாப்பற்றவர்கள் என்ற எண்ணம் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது.

இடுகை 12 | நெறியாளர்

மேலே உள்ள இடுகையைத் தொடர்ந்து வந்த ஆறு பதில்களை நீக்கியிருக்கிறேன். எந்தத் தரப்பு கூடுதலாகக் கொன்றது என்ற போட்டிக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே கேள்வி பொதுமக்களைப் பற்றியது.

இடுகை 13 | தொடுவானம்

எதிர்பார்த்ததைவிட அதிகம் கற்றுக்கொண்டேன். என் நண்பரிடம் 57-ஆம் பிரிவின் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "குண்டு போடக் கூடாது என்றால் முற்றுகையிட்டுப் பட்டினி போடலாமா, அதற்கும் தடையா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

இடுகை 14 | வழக்காடி

தடைதான். பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்வதை முதல் நெறிமுறையின் 54-ஆம் பிரிவு தடுக்கிறது. உணவு, பயிர், கால்நடை, குடிநீர் அமைப்புகள் ஆகியவற்றை மக்களுக்குக் கிடைக்காமற் செய்யும் நோக்கத்தோடு அழிப்பதும் அதில் அடங்கும். 2018-இல் பாதுகாப்புச் சபையின் 2417-ஆம் தீர்மானம் இதைக் கண்டித்தது. ரோம் சாசனம் முதலில் நாடுகளுக்கிடையிலான போரில் மட்டுமே இதைக் குற்றமாக வைத்திருந்தது. உள்நாட்டுப் போருக்கும் விரிவாக்கும் திருத்தம் 2019-இல் ஏற்கப்பட்டது, அதை ஏற்புறுதி செய்த நாடுகள் இன்னும் சிலவே. நான் குறிப்பிட்ட 2024 நவம்பர் பிடியாணையில் இந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது.

நடைமுறையில் முற்றுகை வெளிப்படையாகப் பட்டினி என்று அறிவிக்கப்படுவதில்லை. எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வதன் மூலம் அது நடக்கிறது. வன்னி பற்றிய அதே அறிக்கை இதைக் காட்டுகிறது. 2009 தொடக்கத்தில் அங்கே சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. அந்த எண்ணின் அடிப்படையில் உணவும் மருந்தும் மட்டுப்படுத்தப்பட்டன. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். முன்பு சொன்ன விகிதாசாரக் கணக்கையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். எதிர்பார்க்கப்படும் இழப்பு எவ்வளவு என்பது, அங்கே எத்தனை பேர் இருப்பதாக நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இல்லாதவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் சோற்றுக்கணக்கிலும் வர மாட்டார்கள், சாவுக்கணக்கிலும் வர மாட்டார்கள்.

இடுகை 15 | ஏடறிவோன்

இதை முன்வைத்துப் பதுங்குகுழி அவர்களிடம் ஒன்று கேட்கலாமா? தாங்கள் இருந்த இடத்தில் மக்களை யாராவது எண்ணினார்களா? விருப்பம் இல்லையென்றால் பதில் எழுத வேண்டாம்.

இடுகை 16 | பதுங்குகுழி

எழுதுகிறேன். எண்ணினார்கள். கீழ்நிலை அரசு அலுவலர் ஒருவர் எங்களோடு இருந்தார். நிவாரணப் பொருள் பங்கிடுவதற்காக அவர் ஒரு பயிற்சிக் கொப்பியில் குடும்பத் தலைவரின் பெயர், ஆட்களின் தொகை, கைக்குழந்தைகளின் தொகை என்று மூன்று நிரல் போட்டு எழுதிவந்தார். இடம் மாறும்போதெல்லாம் புதிதாக வந்தவர்களைச் சேர்ப்பார். செத்தவர்களை வெட்டமாட்டார், பெயருக்குப் பக்கத்தில் சிறு புள்ளி மட்டும் வைப்பார். ஏன் வெட்டவில்லை என்று கேட்டபோது, வெட்டினால் அடுத்த முறை அந்த வீட்டுப் பங்கு குறைந்துவிடும் என்றார். எனக்கு அப்போது அது சிறு ஏமாற்றாகத் தெரிந்தது.

கடைசியில் நாங்கள் வெளியேறியபோது அவர் அந்தக் கொப்பியை உரப்பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தார். சோதனை நடந்த இடத்தில் அதை வாங்கிக்கொண்டார்கள். பற்றுச்சீட்டு கேட்டார்; கொடுக்கவில்லை. அவர் இப்போதும் உயிரோடு இருக்கிறார். கொப்பியில் இருந்த பெயர்களில் நினைவுக்கு வந்தவற்றை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். போன முறை பேசியபோது நானூற்றுச் சொச்சம் குடும்பம் வரை வந்திருந்தது. எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. அந்த மாதத்தில் பிறந்து இரண்டு வாரம் இருந்த ஒரு குழந்தையை அவர் மூன்றாவது நிரலில் எழுதியதாகச் சொல்கிறார், நான் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.